தெற்கே விழுந்த நிழல்

இல்லை, எழுத ஒன்றும் இருக்கவில்லை. குனிந்துகொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கோடைப் பயிற்சியின் நோட்டு இன்று காலை கையில் அகப்பட்டது. இரண்டாம் நாள் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது. அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதியதில் தாள் கிழிந்திருக்கிறது.

முதல் நாள் நடுப்பகல். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளின் அறிவியல் ஆசிரியர்கள் நாற்பது பேர். நீ விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரிலிருந்து, நான் கீழ்க்கட்டளையிலிருந்து. மே மாத வெயில். இடைவேளையில் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே. நீ மட்டும் வெளியே, கொடிக்கம்பத்தடியில். என்னைக் கூப்பிட்டாய்.

"நிழல் எந்தப் பக்கம் விழுது, சொல்லு."

"வடக்க."

"பாத்துட்டுச் சொல்லுடி. புக்குல இருக்கறத சொல்லாத."

பார்த்தேன். மூன்று சாண் நிழல். வடக்கே குரோம்பேட்டைப் பக்கம் விழ வேண்டியது பெருங்களத்தூரைக் காட்டிக்கொண்டு கிடந்தது. தெற்கே. அப்படியென்றால் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே நிற்கிறது. நடுப்பகல் நிழல் நமக்கு எப்போதும் வடக்கே என்று ஐந்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். செருப்பில்லாமல் நின்றிருந்தேன். கால் சுட்டது வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை பயிற்சி நடத்திய கருத்தாளர் அதையே சொன்னார், எப்போதும் வடக்கே என்று. நீ எழுந்தாய்.

"சார், நேத்து தெற்க விழுந்துச்சு. பார்த்தேன்."

"வெயில்ல திசை சுத்திடுச்சா டீச்சர்? ஒரு டம்ளர் மோர் குடிங்க."

கூடம் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர், "பொழிச்சலூர்ல பிளேன் நிழலைப் பார்த்திருப்பாங்க சார்" என்றார். இன்னும் சிரிப்பு. கருத்தாளர் நல்ல மனிதர். கேட்கவும் செய்தார்: "வேற யாராவது பார்த்தீங்களா?"

நீ என் பக்கம் திரும்பவில்லை. நான் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

"பன்னெண்டு மணிக்கு வெளிய வாங்க சார். அஞ்சு நிமிஷம் போதும்" என்றாய். குரல் ஏறவே இல்லை.

பன்னிரண்டு தாண்டி ஆறு நிமிடம். கம்பத்தைச் சுற்றி நாற்பது பேர். கருத்தாளர் போனில் திசைகாட்டியை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இருபது வருஷம்மா," என்றார். "இதே ஊர்லதான் இருக்கேன்."

ஏப்ரல் கடைசியில் நம் உச்சியைக் கடந்து வடக்கே போகும் சூரியன் ஆகஸ்டில்தான் திரும்புகிறது. ஒவ்வொரு கோடையும். சானடோரியம், பல்லாவரம், விமான நிலையம், எல்லாவற்றின் மேலும். இந்த ஊர்களுக்குப் பெயர் வருவதற்கு முன்பும். நாம் குடை பிடித்துக்கொண்டு அதன் கீழேயே நடந்திருக்கிறோம்.

மாலை, ஸ்டேஷனில், நீ கேட்பாய் என்று காத்திருந்தேன்.

"மாங்கா வாங்கட்டா? மொளகாப்பொடி தூக்கலா?" என்றாய்.

பிறகு ஆறு வருடம். எத்தனை பயிற்சி, எத்தனை ரயில். ஒருமுறைகூட "நீயும்தானே பார்த்தே" என்று நீ சொல்லவில்லை. என்னிடமும் இல்லை, வேறு யாரிடமும் இல்லை. சூரியன் என்றைக்கு வடக்கே போகும் என்று இப்போது என்னால் கணக்குப் போட்டுச் சொல்லிவிட முடியும். நீ சொல்லாமல் இருந்தது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதன் கீழேயும்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.

போன ஐப்பசியில் உனக்கு டெங்கு. ஐந்தே நாளில் போய்விட்டாய். ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன்.

இந்த வருடப் பயிற்சிக்கு என்னைக் கருத்தாளராகப் போட்டிருக்கிறார்கள். இன்று முதல் நாள். கூடத்தில் எழுந்து நின்று உன் பெயரைச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். "அவங்க சொன்னப்போ, நானும் பார்த்திருந்தேன். கை தூக்கல."

முன்வரிசையில் ஒரு டீச்சர் கேட்டார்: "ஏன் மேடம்?"

"பயம்," என்றேன்.

பிறகு வருகைப் பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டேன்.