தாய் என்ற கட்டம்

என் பிடிவாதக்காரிக்கு,

உன்னைவிடப் பெரிய பிடிவாதக்காரி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே "விட்டுடும்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போட்டால் இன்னொன்று எழுதுவேன்.

முதலில் வீட்டு விவரம். பள்ளிச் சீருடை எல்லாம் தைத்துக் கொடுத்தாயிற்று. முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது, அதற்காகக் கடையை மூடு என்று ஆரம்பிக்காதே. உன் அறை ஜன்னல் கதவு கழன்று தொங்கிக்கொண்டிருந்ததை ஆள் வைத்துச் சரி செய்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய பதிவேடுகளைப் படம் எடுத்துப் போட்டு, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று வைத்திருக்கிறார்களே, அந்த வம்சாவளி இணையதளத்தில் உன் பிறப்புப் பதிவைப் பார்த்தேன். தாய் என்ற கட்டத்தில் மறுபடியும் என் பெயர். நான் அதை நீக்கித் திருத்துகிறேன், நீ மாற்றுகிறாய். மறுபடி திருத்துகிறேன், மறுபடி மாற்றுகிறாய். யார் மாற்றினார்கள், என்ன காரணம் என்பதெல்லாம் கீழே வரிசையாகத் தெரிகிறது. ஊர் உலகமே பார்க்க அம்மாவும் பெண்ணும் குடுமிப்பிடிச் சண்டை போடுகிறோம்.

காரணம் எழுதும் இடத்தில் நீ என்ன எழுதியிருக்கிறாய்? "இவங்கதான் என் அம்மா. எனக்குத் தெரியும்." அதைப் படித்துவிட்டுத் தையல் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதேன். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் திருத்தினேன்.

உன்னைப் பெற்றவள் நீ பிறந்த அன்றே போய்விட்டாள். நான் உன் அப்பாவுக்கு இரண்டாவதாக வந்தவள். இதை உன்னிடம் நான் ஒருநாளும் மறைத்ததில்லை. உன் அப்பாதான், இருந்தவரைக்கும், அவள் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்; அவள் பெயரைக்கூட என்னிடம் சொன்னதில்லை. நீயும் அப்படியே அவரை உரித்து வைத்திருக்கிறாய்.

போன வாரம் சிரித்துக்கொண்டே சொன்னாயே, அம்மாவுக்கு என்ன வியாதி என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், சர்க்கரை என்று சொல்லிவிட்டேன், அதிலிருந்து போகும்போதெல்லாம் விரலில் குத்துகிறார்கள் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடியே, என் சர்க்கரை என்னோடது. உன் உடம்பில் ஓடுகிற இரத்தத்தில் என் பங்கு ஒரு சொட்டுகூட இல்லை. கம்ப்யூட்டரில் நீ எழுதுகிற பொய் கம்ப்யூட்டரோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். அதையே மருத்துவரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாயே!

அதனால்தான் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் கட்டம் முதலில் காலியாக இருந்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய பதிவேட்டைப் படம் எடுத்தபோது, தாய் பெயர் இருந்த ஓரம் நூல் போட்டுத் தைத்த மடிப்புக்குள் போய்விட்டது. படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர், கண்ணுக்குத் தெரியாததை எழுதாமல் விட்டுவிட்டார். அவர் செய்தது சரிதான். காலி இடத்தைக் கண்டதும் என்னைக் கொண்டுபோய் அதில் உட்கார வைத்தாயே, நீ செய்ததுதான் தப்பு.

அங்கே இருந்த எழுத்தர், "ஒரு தடவை படம் எடுத்தாச்சும்மா, இனிமே எடுக்க மாட்டோம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து சட்டைகளை எடுத்துப் பித்தான் தைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இது என்ன உங்க கடையா?" என்று கேட்டார். "இல்லை, பொண்ணோட உசுரு" என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். பதிவேட்டை எடுத்து வந்து தையலைத் தளர்த்தினார். நான் மடிப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவரே படம் எடுத்தார். மடிப்புக்குள்ளிருந்து அவள் பெயர் வந்தது. மங்காமல், எழுத்து எழுத்தாக இருந்தது.

பெயர் கிடைத்ததும் அவள் இறப்புப் பதிவையும் தேடினேன். அதைத் தட்டச்சு செய்தவர்கள் பெயர், தேதியோடு நிறுத்திவிட்டார்கள். படத்தைத் திறந்து பார்த்தால்தான் கடைசிக் கட்டம் தெரிகிறது. பிரசவத்துக்குப் பின் நிற்காத இரத்தப்போக்கு. அதிலிருந்த தாய் பெயரை வைத்து, அவளைப் பெற்றவளுடைய இறப்புப் பதிவையும் தேடி எடுத்தேன்; அதிலும் அதே வார்த்தைகள்.

உன் தாய்மாமனைத் தேடிப் போனேன். ஆமாம், நம் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று உன் அத்தை விரட்டினாளே, அவரைத்தான். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "எங்க அக்காவைப் பத்தி யாராச்சும் ஒரு நாள் கேப்பாங்கன்னு இருந்தேன்" என்றார். அவருக்கும் பல் பிடுங்கினால் இரத்தம் லேசில் நிற்காதாம். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மூக்கிலிருந்து இரத்தம் வந்து என் முந்தானையெல்லாம் நனையுமே, உடம்புச் சூடு என்று எல்லோரும் சொன்னார்களே, அது ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

உன் அத்தைக்கு இது தெரிந்ததும் கடைக்கே வந்துவிட்டாள். "போனவ போயிட்டா, அவளை எதுக்கு இப்ப இழுத்துட்டு வர்றே? அந்தப் பொண்ணு உன்னை அம்மான்னு கூப்பிடுறது உனக்குப் பொறுக்கலையா?" என்று கத்தினாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன், பயந்துவிடப் போகிறாளே என்று. "அவளை மறைச்சு வெச்சுத்தான் நான் அம்மாவா இருக்கணும்னா, அப்படி ஒரு அம்மா எனக்கு வேணாம்" என்றேன். வந்த வேகத்திலேயே போய்விட்டாள்.

உனக்கும் அதே பதில்தான். உன் பாசத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பாசத்துக்காக உயிரை விடுகிற வேலை எல்லாம் என்னிடம் வேண்டாம். மாமன் எழுதிக் கொடுத்ததையும் இரண்டு பதிவுகளின் படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். கடிதம் கைக்குக் கிடைத்ததும் மருத்துவரிடம் போ. என்னைப் பெற்றவளும் அவளைப் பெற்றவளும் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போனவர்கள் என்று உன் வாயால் சொல். அதற்கு வேண்டிய பரிசோதனையைச் செய்யட்டும், வேண்டிய இரத்தத்தைத் தயாராக வைத்துக்கொள்ளட்டும். நீ சொன்னாயா என்று மாப்பிள்ளையிடம் கேட்பேன். அவருக்குப் பொய் சொல்ல வராது.

இன்று காலையில் கடைசியாகத் திருத்தினேன். காரணம் எழுதும் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பெற்றவள் பெயர் இதுதான். பதிவேட்டின் புதிய படத்தைப் பார்க்கவும். இதை எழுதுவது வளர்த்தவள்." புதிதாக எழுதினாலும் பழையது அழியாதாம். நீ எனக்காக எழுதியது கீழே அப்படியே இருக்கும். எனக்கு அது போதும். இனி அதில் கை வைத்தால் பார்த்துக்கொள்.

மகராசியாக இரு. உன் பிள்ளைக்காவது பெற்றவளும் வளர்ப்பவளும் ஒருத்தியாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா