பாஸ்டருக்கு ஒரு பெப்பர்மிண்ட்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் ஹாமர்ஃபெஸ்ட்டில் நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பதறாமல் படியுங்கள். நம் டச்சு ஊர் ஸீலாந்தின் வழக்கப்படி, ஞாயிறன்று பிரசங்கம் தொடங்கியதும் பிள்ளைகளுக்குப் பெப்பர்மிண்ட் கொடுத்தேன். நார்வேயில் அந்த வழக்கமே இல்லை. பாஸ்டரின் வாய் வெறுமையாக இருப்பதைப் பார்த்த சின்னவள் கிரைனா விறுவிறுவென்று பீடத்துக்குப் போய், தான் சப்பிக்கொண்டிருந்ததை எடுத்து நீட்டிவிட்டாள்.

"பாவம், உங்களுக்கு யாருமே குடுக்கலையா?"

பாஸ்டர் சிரித்துவிட்டார். சபை மூப்பர் மட்டும் வாசலில் என்னை மறித்தார்.

"அடுத்த வாரம் புள்ளைங்கள வீட்டுல விட்டுட்டு வாம்மா."

"பாஸ்டர் சீக்கிரம் முடிச்சிருந்தா இவ ஏன் எந்திரிச்சுப் போறா?" என்றான் பெரியவன் பிராம்.

நீங்களும் என்னைத்தான் கண்டிப்பீர்கள். கண்டியுங்கள். பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவர், வாயை மூடிக்கொண்டு வரச் சொல்லவில்லை. அவர்கள் பேச்சை நெஞ்சில் முடிந்துவைப்பேனே தவிர அடக்க மாட்டேன். வருகிற ஞாயிறு நாங்கள் மூவரும் முதல் பெஞ்சில்தான்.

நம் ஊர்ப் பெப்பர்மிண்ட் இங்கே கிடைப்பதில்லை. அனுப்புங்கள், கூடவே உங்கள் கைப்பட நாலு வரி. ஆஸ்பத்திரி வேலைக்கு நேரமாகிவிட்டது.

கொஞ்சம் கூடுதலாகவே அனுப்புங்கள். மூப்பருக்கும் வேண்டுமாம். "அந்தத் தாத்தாவுக்கும் யாரும் குடுத்திருக்க மாட்டாங்கம்மா" என்கிறாள் கிரைனா.

உங்கள் மகள்,
நேல்ச்சே