பின்னால் தட்டாத சென்டர்

எருத்தேன்பதி
11-12-1978

அன்புள்ள சுவக்கீனுக்கு,

இங்கே நானும் மருதாத்தாளும் எருமைகள் இரண்டும் சுகம். அங்கே நீயும் கத்தரீனாளும் குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏலக்காய் எடுப்பு முடிகிற வரைக்கும் எஸ்டேட் சூப்பர்வைசருக்குப் பேனா பிடிக்க நேரமிராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் போன கடிதத்துக்கு ஒன்றரை மாசமாகப் பதில் இல்லை என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். செவன்ஸ் புட்பால் தொடங்கிவிட்டது. கொழிஞ்சாம்பாறையில் கடலை பிடுங்கின காட்டைச் சமன் பண்ணி, மூங்கிலில் கேலரி கட்டி, ஜீப்பில் மைக் வைத்து ஊரெல்லாம் கத்திவிட்டு, போன வியாழனும் நேற்றும் இரண்டு மேட்ச் ஆடியாயிற்று. ஒன்று ஜெயம், ஒன்று சமம். அதற்குள் எனக்குத் தொண்டை போய்விட்டது. கமிட்டி மெம்பர் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார வேண்டும் என்று தலைவர் குப்பண்ணன் சொல்கிறார். உட்கார முடிந்தால் நான் ஏன் பந்தாட்டம் பார்க்கிறேன்?

பட்டாளத்தில் நாம் ஆடியது பதினொரு பேர் ஆட்டம். இது ஏழு பேர். அதனால் நடுவில் நிற்கிற சென்டர்தான் டீமுக்கு உயிர். பந்தை வாங்கி, யாருக்கு, எப்போது என்று பிரித்துக் கொடுக்கிறவன் அவன். அவன் சரியில்லை என்றால் மற்ற ஆறு பேரும் தேர் பார்க்க வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். இந்த வருஷம் எங்களிடம் மூன்று சென்டர் இருக்கிறார்கள். மூன்று பேர் இருந்தால் ஒருவனும் இல்லை என்று அர்த்தம்.

முதல் ஆள் கோழிக்கோட்டுக்காரன். கால் நல்ல கால். ஆனால் பந்தை விட மனசு வராது. ஒருவனை ஏமாற்றிவிட்டுக் கேலரியைத் திரும்பிப் பார்ப்பான், அதற்குள் பந்து போயிருக்கும். இரண்டாவது என் மச்சினன் செங்கோட்டையன், மருதாத்தாளின் தம்பி. காளை மாதிரி ஓடுவான். முன்னால் இருக்கிறது மட்டும்தான் தெரியும், பக்கத்தில் ஆள் சும்மா நின்றாலும் தெரியாது. இதை நான் வீட்டில் சொல்ல முடியாது.

மூன்றாவது ஆள் தங்கராசு. கம்பம் பக்கம் என்கிறான். இங்கே அதற்கு மேல் கேட்கிற வழக்கம் இல்லை, உனக்குத் தெரியுமே. மில் டீமிலும் மற்றதிலும் பதிவானவர்கள் சொந்தப் பேரில் செவன்ஸ் ஆடினால் புட்பால் சங்கம் தடை போடும், அதனால் பாதிப் பேருக்கு இரவல் பேர். இவன் இடது காலன். பந்தை விடுவதற்கு முன்னால் வலது கால் நுனியை மண்ணில் இரண்டு தட்டுத் தட்டுவான். கணவாய்க் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று கணக்குப் போட்டு அவன் விடுகிற பந்தைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கோளாறு இருக்கிறது. செத்தாலும் பின்னால் தட்ட மாட்டான். மூன்று பேர் சுற்றி வளைத்தாலும் கோல் காக்கிற கோலிக்குத் திருப்பிக் கொடுக்காமல் பந்தைப் பறி கொடுப்பான். நேற்று வாங்கின இரண்டு கோலும் அப்படி வந்ததுதான்.

பின்னால் தட்டத் தெரியாதவன் என்ன சென்டர்? ஏழு வருஷம் நான் லெப்ட் பேக், நீ கோலி. நெருக்கினால் உன் குரல் வரும், திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டிவிடுவேன், உன் கைக்குப் போயிருக்கும். ஜபல்பூரில் ஒரே ஒரு தடவை தப்பியது, அது என் கால் தப்பு. 24-ஆம் தேதி கமிட்டி கூடி யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு பண்ணுகிறோம். தங்கராசுவை அனுப்பிவிடலாம் என்பது என் கருத்து.

நீ என்ன சொல்கிறாய் என்று எழுது.

உன்
அர்த்தநாரி


குமுளி
15-12-1978

பிரியமுள்ள அர்த்தநாரிக்கு,

மாதா புண்ணியத்தில் நாங்கள் இருக்கிறோம். காய் எடுப்புக்கு ஆள் போதவில்லை, பனி வேறு. பதில் போடாதது தப்புத்தான், திட்டிக்கொள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தத் தங்கராசுவைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுது. என்ன வயசிருக்கும்? இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு ஏதும் இருக்கிறதா? கோவிலுக்குப் போகிற ஆளா, இல்லை ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்காவது காணாமல் போகிற ஆளா? பின்னால் தட்டவே மாட்டான் என்று எழுதியிருக்கிறாயே, கோலி கூப்பிட்டாலுமா தட்ட மாட்டான்? இதற்கு மட்டுமாவது சரியாகப் பார்த்து எழுது.

சும்மா ஆட்ட விஷயமாகத்தான் கேட்கிறேன். அவனிடம் என் பேரைச் சொல்ல வேண்டாம். நான் கேட்டேன் என்றும் சொல்ல வேண்டாம்.

கத்தரீனாள் என்ன ஆச்சு உங்களுக்கு என்கிறாள். காலையிலிருந்து கடுதாசியும் கையுமாக வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடக்கிறேனாம். சீக்கிரம் எழுது.

உன்
சுவக்கீன்


எருத்தேன்பதி
19-12-1978

அன்புள்ள சுவக்கீனுக்கு,

பெண் பார்க்கிற வீட்டில்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். சரி, கேட்டதற்குப் பதில். வயசு இருபத்து நாலு, இருபத்தைந்து சொல்லலாம். இடது புருவத்தில் தழும்பு இருக்கிறது, மயிர் முளைக்காத ஒரு கோடு. எங்கள் தோட்டத்து ஓலைச் சாளையில்தான் தங்க வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டு ஒன்பது மணிக்கு வருகிறான். எங்கே என்று நான் கேட்டதில்லை. எங்கே போவான் என்று நீ கேட்ட பிறகுதான் எனக்கே யோசனை வந்தது.

கடைசிக் கேள்விக்காக ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முழுவதும் எங்கள் கோலிக்குப் பக்கத்திலேயே நின்றேன். கோலி சின்னமுத்து, கொப்பரைக் களத்தில் வேலை, நல்ல பையன். நான் சொல்லி அவன் தொண்டை கிழியக் கூப்பிட்டான். கூப்பிடாமல் இருந்தால் தேவலை. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் தங்கராசுவின் தோள் இரண்டும் குறுகுகிறது. அடி விழப் போகிறது என்று நிற்கிற ஆள் அப்படித்தான் நிற்பான். உடனே பந்தை முன்னால் எங்கேயோ கண்டபடி அடித்துவிடுகிறான். சின்னமுத்துவுக்கு வருத்தம். "எங்கையில என்னங்ண்ணா, முள்ளா இருக்குது? ஒருக்காக்கூட எனக்குக் குடுக்க மாட்டீங்கறானே" என்று என்னிடம் கேட்டான்.

மேட்ச் இரண்டுக்கு ஒன்று ஜெயித்தோம். இரண்டு கோலும் தங்கராசு பிரித்துக் கொடுத்த பந்து. அதனால் கமிட்டியில் இப்போது சண்டை. இரண்டு பேர் இருக்கட்டும் என்கிறார்கள், இரண்டு பேர் போகட்டும் என்கிறார்கள், நான் ஐந்தாவது ஆள். வீட்டிலும் விடவில்லை. "ஏனுங்க, எந்தம்பியெ ஒக்கார வெச்சுப்போட்டு ஊரு பேரு தெரியாதவனெ ஆட வுடுவீங்களா?" என்று மருதாத்தாள் தினம் சோற்றோடு சேர்த்துப் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் கை தூக்கியாக வேண்டும். தங்கராசு போகட்டும் என்றுதான் தூக்குவேன் என்று நினைக்கிறேன். தன் கோலியை நம்பாதவனை நான் எப்படி நம்புவது?

உனக்கு இவனைத் தெரியுமா? தெரிந்தால் மறைக்காதே.

உன்
அர்த்தநாரி


தந்தி
குமுளி, 22-12-1978

தங்கராசுவை அனுப்ப வேண்டாம். கடிதம் பின்னால் வருகிறது. சுவக்கீன்.


குமுளி
22-12-1978

பிரியமுள்ள அர்த்தநாரிக்கு,

இது கையில் கிடைக்கும்போது உங்கள் கூட்டம் முடிந்திருக்கும். தந்தி முந்திக்கொண்டதா தெரியவில்லை. முந்தவில்லை என்றால் அவன் எந்தப் பஸ் ஏறினான் என்றாவது விசாரித்து எழுது.

அவன் பேர் தங்கராசு இல்லை. யாக்கோபு. என் தம்பி. பட்டாளத்தில் இருக்கும்போது வீட்டிலிருந்து வந்த போட்டோவில் உனக்குக் காட்டியிருக்கிறேன், அப்போது அரை டிரவுசர் போட்டிருப்பான். புருவத்தில் தழும்பு தேயிலைக் கவாத்துக் கத்தி பட்டது. இரண்டு வருஷமாகக் காணோம். உனக்கு நான் சொல்லவில்லை, ஏனென்றால் காரணத்தையும் சொல்ல வேண்டி வரும்.

இப்போது சொல்கிறேன். எழுபத்தாறில் எஸ்டேட் டீம்களுக்குள் பைனல். நான் கோலி, அவன் சென்டர். ஒன்றுக்கொன்று சமம், முடிய ஐந்து நிமிஷம். அவனை மூன்று பேர் வளைத்தார்கள். நான் "எனக்கு விடுலே" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நீ எப்படிப் பார்க்க மாட்டாயோ, அப்படித்தான். என் குரல் வந்த இடத்துக்கு நேராகத் தட்டினான். நான் கத்திவிட்டு, எதிர் பார்வர்டு ஓடி வருவதைப் பார்த்துப் பயந்து இடது பக்கம் போய்விட்டேன். பந்து மெதுவாக உருண்டு என் வலது பக்கமாகக் கோலுக்குள் போனது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நேரே அவனிடம் போய்க் கன்னத்தில் அறைந்தேன். அப்புறம் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். எதிர் டீமுக்கு விலை போய்விட்டான் என்று சாயங்காலத்துக்குள் எஸ்டேட் லயம் முழுக்கப் பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை. "அண்ணே, நீ கூப்பிட்டியா இல்லியா? அதை மட்டும் சொல்லு" என்று அவன் வாசலில் நின்று கேட்டான். நான் கூப்பிடவில்லை என்றேன். மறுநாள் காலை அவன் பெட்டி இல்லை.

பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். சாமியார் மன்னித்துவிட்டார். அவர் மன்னித்து என்ன, அவரா அறை வாங்கினார்? அவன் பின்னால் தட்டாதது அவன் கோளாறு இல்லை அர்த்தநாரி, அது நான் கொடுத்தது. அதற்காக அவனை அனுப்பாதே.

நான் வந்தால் ஓடிவிடுவான் என்று பயமாக இருக்கிறது. நேரில் முகத்தைப் பார்க்கவும் தைரியமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடு. அவன் படிக்கட்டும்.

யாக்கோபு, நான் கூப்பிட்டேன். நான்தான் கூப்பிட்டேன்.

சுவக்கீன்


எருத்தேன்பதி
1-1-1979

சுவக்கீனுக்கு,

தந்தி சனிக்கிழமையே வந்தது. என்ன ஏது என்று தெரியாமல், உன் வார்த்தையை நம்பி, கூட்டத்தில் தங்கராசு இருக்கட்டும் என்று கை தூக்கினேன். செங்கோட்டையன் வெளியே உட்கார்ந்தான். மருதாத்தாள் நாலு நாள் எனக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டிய பிறகு "இதெ மொதல்லயே சொல்றதுக்கென்னங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோட்டத்துக்கு நல்ல சாப்பாடாகக் கொண்டுபோனாள்.

உன்மேல் எனக்குக் கோபம். அதை மறைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். ஏழு வருஷம் திரும்பிப் பார்க்காமல் உனக்குத் தட்டியவன் நான்.

கடிதத்தைப் புதன்கிழமை சாளையில் வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். மடித்தான். "எழுத்து அண்ணன் எழுத்துதான்" என்றான். அவ்வளவுதான், பூட்ஸுக்குக் கயிறு கோக்கப் போய்விட்டான். நாலு நாளும் எப்போதும்போலப் பிராக்டீசுக்குப் போய் வந்தான். எனக்குத்தான் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கிணற்றுக்கும் சாளைக்கும் நடந்ததில் செருப்பு வார் அறுந்தது.

நேற்று பொள்ளாச்சி டீமோடு மேட்ச். தோற்றால் வெளியே. ஒன்றுக்கொன்று சமம், முடியப் பத்து நிமிஷம். கிழக்கே இருந்து காற்று புழுதியை வாரி அடிக்கிறது. யாக்கோபுவை மூன்று பேர் வளைத்தார்கள். பின்னால் சின்னமுத்து வழக்கம்போலக் கூப்பிட்டான், கூப்பிட்டுவிட்டு வழக்கம்போலக் கண்ணிலிருந்து புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவனாவது தருவதாவது என்று அவனுக்கு நினைப்பு. யாக்கோபு வலது கால் நுனியை இரண்டு தட்டுத் தட்டினான். திரும்பிப் பார்க்காமல் பின்னால் தட்டினான்.

பந்து சின்னமுத்துவைத் தாண்டிக் கோலுக்குள் போய்விட்டது.

கேலரியிலிருந்து கடலைக் கொடியும் மண்ணாங்கட்டியும் பறந்தன. விலை போய்விட்டான் என்று இங்கேயும் அதே சத்தம். யாக்கோபு நின்ற இடத்தில் நின்றான், தோள் குறுகிவிட்டது. அந்த நேரத்தில் உன்னை நான் என்ன திட்டினேன் என்று எழுத மாட்டேன். அப்போது சின்னமுத்து கோலை விட்டுவிட்டுக் கேலரிக்கு முன்னால் ஓடினான். நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினான். "நாந்தானுங்க கூப்பிட்டேன். கூப்பிட்டுப்போட்டு நாந்தான் பாக்காம நின்னேன். என்ர தப்புங்க. அவனெ ஆரும் ஒண்ணுஞ் சொல்லாதீங்க."

யாக்கோபு சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு மைதானத்து நடுவில் உட்கார்ந்துவிட்டான். ரெப்ரி விசில் ஊதியும் எழுந்திருக்கவில்லை. சின்னமுத்து வந்துதான் கை கொடுத்துத் தூக்கினான். அதற்கப்புறம் பத்து நிமிஷம் அவன் ஆடினதைப் போல ஒரு சென்டர் ஆடி நான் பார்த்ததில்லை. பின்னாலும் இரண்டு தடவை தட்டினான், சின்னமுத்து இரண்டையும் பிடித்தான். ஆனாலும் தோற்றோம். சீசன் தொடங்கி ஒரு மாசத்தில் எங்கள் கதை முடிந்தது. குப்பண்ணன் என்னோடு பேசுவதில்லை. இந்த வருஷத்துச் சென்டர்களைப் பற்றி நான் எழுதின கருத்தையெல்லாம் அடித்துவிடு. இருக்கிறதிலேயே நல்ல சென்டர் அவன்தான்.

சாயங்காலம் பூட்ஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அண்ணே, பொள்ளாச்சிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். அங்கிருந்து கம்பத்துக்கு எப்படிப் போவது என்றும் கேட்டான். புது வருஷப் பூசை முடித்துவிட்டு நாளைக் காலை கிளம்புகிறான். உன் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை.

ஜபல்பூரில் அன்றைக்கு நீ எந்தப் பக்கம் நின்றாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம். அடுத்த முறை வரும்போது நேரில் சொல்.

அவன் இந்தக் கடிதத்துக்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். எப்போது வந்தாலும் வாசலிலேயே நில். பயந்து உள்ளே போய்விடாதே.

அர்த்தநாரி