அலுமாரிக்குள் இருந்த பால்மா

ரத்தோட்டை மலைக்கே மகாராணியான என் சரசக்காவுக்கு,

மாத்தளைச் சீமையின் முடிசூடிய சக்கரவர்த்தி, உன் தம்பி எழுதுகிறேன். கிரீடம் வழக்கம்போல் கோணல்தான். இந்தத் தடவை தலையையும் நிமிர்த்த முடியவில்லை.

சாமான் தட்டுப்பாட்டுக் காலத்தில் நீ வந்த அந்தக் காலை நினைவிருக்கிறதா? பால்மா வரிசையின் தலை எங்கள் டவுனில், வால் தம்புள்ளையில். நின்ற நிலையிலேயே எனக்கு ஒரு முழத் தாடி முளைத்தது. அப்படி வாங்கிய ஒரே ஒரு பால்தூள் பொட்டலத்தை, ராஜாங்கத்துப் புதையல்போல் அலுமாரியில் வேட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

நீயோ தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் நட்ட மரவள்ளிக்கிழங்கை உரப்பையில் கட்டி, பஸ் ஓடாத பாதி வழியை மழையில் நடந்து, எங்கள் வாசலில் இறக்கினாய்.

"கடையில பால்மாவே இல்லக்கா" என்றேன். எவ்வளவு சுத்தமாகச் சொன்னேன்!

நீ உள்ளே போய், அலுமாரியில் துவாய் எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாய். "அதுக்கென்னடா, பாலில்லாம சாயத்தண்ணி ஊத்து." உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டை வைத்துக் கடித்துக் கடித்துக் குடித்தாய். "மழ பேஞ்சிருக்கு, கெழங்கு வெளஞ்சிருக்கு, ஒன்னயும் பாத்துட்டேன். இன்னும் என்னடா வேணும்?"

உன் பதினாறாம் நாள் காரியப் பந்தியில் நான் எழுந்து நின்று முழங்கினேன்: "எங்கக்கா எப்ப வந்தாலும் பால் தேத்தண்ணி குடிக்காம எங்க வீட்டுப் படி எறங்கினதே இல்ல!" சனமெல்லாம் தலையாட்டியது. சோறு போட்டுக்கொண்டிருந்த உன் மகள் மட்டும் குனிந்து என் காதோடு சொன்னாள்.

"அம்மா அன்னைக்கே அலுமாரியில பாத்துட்டாங்க மாமா. வீட்டுக்கு வந்து, 'தம்பி வீட்ல புள்ளைங்களுக்குப் பால்மா இருக்கு, சாமி காப்பாத்திருச்சு'ன்னு சந்தோசமாச் சொன்னாங்க."

அக்கா, அன்றைக்கே என்னை ஏன் திட்டவில்லை? ஒரு கொய்யாப் பழத்துக்காக என் முதுகில் மத்தளம் வாசித்தவள்தானே நீ?

இப்போது கடை நிறையப் பால்மா. ரிவர்ஸ்டன் மலையின் மூடுபனி முழுவதும் பால்மாவாகக் கொட்டினாலும் எனக்குத் தொண்டையில் இறங்காது. காலையில் சாயத்தண்ணியும் உள்ளங்கைக் கருப்பட்டியும்தான். இனிக்கத்தான் செய்கிறது. உனக்கு இனித்த மாதிரியா, தெரியவில்லை.

உன் மரவள்ளித் தடி ஒன்றை முறித்து வந்து வாசலில் நட்டேன். துளிர்த்துவிட்டது. முதல் கிழங்கை நானே தோளில் சுமந்து உன் லயத்துக்கு வருவேன். பந்தியில் பொய் சொன்ன அதே வாயால், அதே சனத்துக்கு முன்னால் உண்மையைச் சொல்லுவேன். அதற்குப் பிறகும் உன் மகள் சாயத்தண்ணி ஊற்றினால், வாங்கிக் குடிப்பேன்.

கிரீடத்தைக் கழற்றி வேட்டிக்கு அடியில் வைத்துவிட்ட,
உன் தம்பி