ஒன்பதாவது கேள்விக்கு எழுதிய பதில்

ஹார்லிங்கன்
21 அக்டோபர் 2017

அன்புள்ள அடெலினோ தம்பிக்கு,

நலமா? வீட்டில் உங்கள் மனைவி சுல்மிரா நலமா? என்னை ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. செப்டம்பர் பதினேழாம் தேதி எங்கள் கப்பல் லிஸ்பனில் நின்றபோது உங்கள் மூன்று சக்கர வண்டியில் நாலு மணி நேரம் சுற்றினேனே, கால் வீங்கிய டச்சுக் கிழவி, அவள்தான். துறைமுக வாசலில் இருபது ஓட்டுநர்கள் ஆங்கிலத்தில் கூவிக்கொண்டு நின்றார்கள். நீங்கள் மட்டும் என் காலைப் பார்த்துவிட்டுச் சுத்தமான ரோட்டர்டாம் டச்சில், "ஏம்மா, இந்தக் காலை வச்சுக்கிட்டு அந்த மேட்டுல ஏறப் போறீங்களா? ஆம்புலன்ஸைவிட நான் சல்லிசு" என்றீர்கள். சிரித்துக்கொண்டே ஏறிவிட்டேன்.

நீங்கள் கொடுத்த அட்டையில் விலாசம் இருந்தது. அன்று எடுத்த படங்கள் மூன்றை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் மதியச் சாப்பாட்டில் பாதியை எனக்குக் கொடுத்தீர்களே, ரொட்டியில் வைத்த சுட்ட மத்தி, அதைத் தின்றுகொண்டிருக்கும் படமும் இருக்கிறது. கன்னமெல்லாம் எண்ணெய். கூடவே எங்கள் ஊர் உப்பு மிட்டாய் ஒரு பொட்டலம்.

தொழில் எப்படிப் போகிறது? அதே வாசலில்தானே நிற்கிறீர்கள்? யாரும் எதுவும் சொல்லவில்லையே? சும்மாதான் கேட்கிறேன். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. வயதாகிவிட்டது, வேறென்ன. ஒரு வரி எழுதிப் போட்டால் நிம்மதியாக இருக்கும்.

அன்புடன்,
கிரீட்யே வியர்ஸ்மா


லிஸ்பன்
2 நவம்பர் 2017

அன்புள்ள கிரீட்யே அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. படங்களைச் சுல்மிராவிடம் காட்டினேன். "உன் சாப்பாட்டைத் தின்ன அம்மா இவங்கதானா? பாவம், நீ ரொட்டிய நல்லா சுட்டிருக்கலாம்" என்றாள். மிட்டாயை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரோட்டர்டாம் துறைமுகத்தில் பதினாலு வருஷம் மூட்டை ஏற்றினேன், அப்போதும் அந்தக் கருமத்தைத் தின்ன முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள். நான் இப்போது வாசலில் நிற்பதில்லை அம்மா. செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி என் அனுமதி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த அட்டை இல்லாமல் கப்பல் பயணிகளை ஏற்ற முடியாது. உங்கள் கப்பலில் வந்த ஓர் அம்மா, ஓட்டுநர் கழுத்தில் கை வைத்தார், மாலை காணாமல் போயிற்று என்று பயணிகளின் கருத்துத் தாளில் எழுதிவிட்டார்களாம். யார் என்று நான் சொல்லப் போவதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி விசாரணை. அன்று என் பக்கம் ஒன்றும் இல்லையென்றால் அட்டை நிரந்தரமாகப் போய்விடும். இப்போதைக்கு விடிகாலையில் ரொட்டி வண்டி ஓட்டுகிறேன்.

வாசலில் பழைய கூட்டாளிகள் என்னைப் பார்த்தால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு ஓடுவதுபோல் நடிக்கிறார்கள். வேடிக்கைக்குத்தான். நானும் சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வருவதில்லை.

அன்று என்ன நடந்தது என்று உங்களால் ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா? நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
அடெலினோ டவாரெஸ்


ஹார்லிங்கன்
9 நவம்பர் 2017

அடெலினோ,

அது நான்தான்.

எழுதிவிட்டேன். இனி மீதியையும் எழுதுகிறேன். லிஸ்பனுக்கு முந்தின நாள் கப்பலில் எங்களையெல்லாம் அரங்கில் உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டினார்கள். பாதுகாப்பு அதிகாரி, "நகை போடாதீங்க, பையை முன்னால மாட்டுங்க, யாராவது தொட்டா விலகி நில்லுங்க" என்று சொன்னார். மறுநாள் காலையில் என் அம்மாவின் பவழ மாலையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். அது ஞாபகம் இருக்கிறது. அந்தப் பேச்சு நினைவுக்கு வந்து அதைக் கழற்றினேன் பாருங்கள், அது மட்டும் அடியோடு மறந்துபோனது. கால் வீக்கத்துக்குப் போடும் இறுக்கமான காலுறை இரண்டாவது ஜோடி பெட்டியில் இருந்தது. எந்தத் திருடனும் அதைத் தொடமாட்டான் என்று அதற்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். சாமர்த்தியம்!

மேட்டில் காற்று அடித்தது. விரல் மடங்காமல் நான் கழுத்துத் துணியைக் கட்டத் தடுமாறினேன், நீங்கள் கட்டிவிட்டீர்கள். சாயங்காலம் கப்பலில் கழுத்தைத் தடவினால் மாலை இல்லை. சாப்பாட்டு மேசையில் கூட உட்காரும் பயணி ரெய்ண்டர்ஸ் அம்மா கேட்டாள்: "ஓட்டுநர் எந்த ஊர்க்காரன்? கேப் வெர்டேவா, அந்த ஆப்பிரிக்கத் தீவா? அப்புறம் என்ன யோசனை, எழுதுங்க!" கடைசி நாள் கருத்துத் தாள் கொடுத்தார்கள். ஒன்பதாவது கேள்வி, வெளிநாட்டுத் துறைமுகத்தில் பாதுகாப்பாக உணர்ந்தீர்களா என்று. இல்லை என்று குறி போட்டேன். கீழே உங்கள் வண்டி எண்ணை, நாற்பத்தொன்று என்று, அழகான கையெழுத்தில் எழுதினேன். உங்கள் மத்தியைத் தின்ற வாய் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

போன மாதம் பதினெட்டாம் தேதி, டாக்டர் திட்டினார் என்று அந்தக் காலுறையை எடுத்து உதறினேன். மாலை தரையில் விழுந்தது. நானும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது இந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறேன். முதல் தடவை நீங்கள் ஒரு கையால் தொட்டீர்கள். மூன்றாவது தடவை இரண்டு கையாலும். எல்லாரும் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். என் கணவர் போன பிறகு யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

வெட்கமாக இருக்கிறது. இதை எப்படி அனுப்புவேன்? இழுப்பறையில் வைக்கிறேன்.

கி.


ஹார்லிங்கன்
10 நவம்பர் 2017

அன்புள்ள அடெலினோ தம்பிக்கு,

கேள்விப்பட்டு மிகவும் வருந்தினேன். இதோ, நீங்கள் கேட்ட கடிதம். விசாரணையில் கொடுங்கள்.

"உரியவர்களுக்கு. திரு. அடெலினோ டவாரெஸ் என்னை நாலு மணி நேரம் மிகுந்த மரியாதையோடு அழைத்துச் சென்றார். பத்திரமாக ஓட்டினார். தம் உணவைப் பகிர்ந்துகொண்டார். இத்தகைய ஓட்டுநர் துறைமுகத்துக்குப் பெருமை."

போதுமா? எல்லாம் நல்லபடியாக முடியும். சுல்மிராவுக்கு என் அன்பு.

அன்புடன்,
கிரீட்யே வியர்ஸ்மா


லிஸ்பன்
22 நவம்பர் 2017

கிரீட்யே அம்மாவுக்கு,

நல்ல கடிதம். இரண்டு தடவை படித்தேன். ஆனால் அதை அலுவலகத்தில் கொடுக்கவில்லை, வீட்டில்தான் வைத்திருக்கிறேன். கொடுத்தால் உங்களுக்குத்தான் சங்கடம். அங்கே ஏற்கெனவே உங்கள் பெயரில் ஒரு தாள் இருக்கிறது.

செப்டம்பரிலேயே காட்டினார்கள் அம்மா. பெயர், அறை எண், எல்லாம் இருந்தது. அன்று முழுக்க என் வண்டியில் ஏறியவர் நீங்கள் ஒருவர்தான். பெயர் இல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும்.

உங்கள் முதல் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. கிழித்துப் போடப் போனேன். சுல்மிராதான் பிடுங்கினாள். "மாலை கிடைச்சிருக்கும்டா. இல்லாட்டி எதுக்கு மிட்டாய் அனுப்புறாங்க? சொல்ல வாய் வரல. நீயா கேட்டு ஒரு வழி விட்டுப் பாரு" என்றாள். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னேன். என் ஓட்டுதலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

நான் நல்லவன் என்று யாரும் சாட்சி சொல்ல வேண்டாம். எடுக்கவில்லை என்று சொன்னால் போதும். அதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது. பன்னிரண்டாம் தேதிக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது.

அடெலினோ


ஹார்லிங்கன்
28 நவம்பர் 2017

அடெலினோ தம்பி,

இழுப்பறையில் கிடந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். திருத்தவில்லை. தேதியைப் பாருங்கள். முதல் நாள் உண்மையை எழுதி வைத்துவிட்டு மறுநாள் அந்தப் புகழ்ச்சியை அனுப்பியவள் நான்.

உங்கள் அலுவலகத்துக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மாலை என்னிடம் இருக்கிறது, அது அன்று கப்பலை விட்டு இறங்கவே இல்லை, புகார் பொய் என்று எழுதினேன். தவறு என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டுப் பொய் என்று எழுதினேன். கிடைத்த பிறகும் நாற்பது நாள் வாய் மூடிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் தவறு இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில் எழுந்து நின்று எல்லாரிடமும் சொன்னேன். சிநேகிதி ஆல்த்யே கோப்பையை வைத்துவிட்டு, "அடிப்பாவி! நாலு வாரமா அந்த மனுஷனை எங்க வாயாலயும் திருடன்னு சொல்ல வச்சியேடி!" என்றாள். வீடு வரை தனியாக நடந்து வந்தேன். அது எனக்கு வேண்டியதுதான்.

என்னை மன்னிப்பீர்களா? மார்ச்சில் அதே கப்பல் லிஸ்பன் வருகிறது. அந்த மாலையைப் போட்டுக்கொண்டு வந்து, வாசலில் உங்கள் கூட்டாளிகள் எல்லார் முன்னாலும் உங்கள் வண்டியில் ஏற ஆசைப்படுகிறேன். நான் வரலாமா?

வெட்கத்துடன்,
கிரீட்யே


லிஸ்பன்
3 பிப்ரவரி 2018

திருமதி வியர்ஸ்மா அவர்களுக்கு,

அனுமதி அட்டை ஜனவரி எட்டாம் தேதி திரும்பக் கிடைத்தது. உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் சத்தமாகப் படித்தார்கள். இழுப்பறைக் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. சுல்மிரா மட்டும் படித்துவிட்டு அழுதாள். எனக்காகவா உங்களுக்காகவா தெரியவில்லை. நீங்கள் எழுந்து நின்று சொன்னது சாதாரண விஷயம் இல்லை. அதற்கு நன்றி.

உங்கள் மேல் இப்போது கோபம் இல்லை. மன்னித்தாயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் எழுத இவ்வளவு நாள் மனம் வரவில்லை, ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. போன வாரம் ஒரு கப்பலிலிருந்து ஒரு பெரியம்மா இறங்கி வந்தார். தனியாக, கையில் தடியோடு. நேராக என் வண்டிக்கு வந்து மேட்டுக்குப் போக வேண்டும் என்றார். ஏறக் கை கொடுக்க வேண்டியிருந்தது. என் கை நீளவில்லை. "கூட யாராவது வந்தா ஏறுங்கம்மா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நடந்தே கிளம்பிவிட்டார். மற்ற வண்டிகளெல்லாம் போயிருந்தன. அந்தத் தடி பாதிச் சரிவு வரை தெரிந்தது. நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் நான் அப்படி உட்கார்ந்திருக்கிறவன் இல்லை. வெட்கம் இப்போது எனக்கும் இருக்கிறது.

மார்ச்சில் தாராளமாக வாருங்கள், மேட்டுக்குக் கூட்டிப்போகிறேன். ஆனால் தனியாக வர வேண்டாம். ஆல்த்யே அம்மாவையோ வேறு யாரையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். கூட ஒருவர் இருந்தால்தான் ஏற்றிக்கொள்வேன்.

இப்படிக்கு,
அ. டவாரெஸ்
வண்டி எண் 41