எந்த ஆகே?

செவ்வாய், இரவு.

இன்று மயிலாப்பூருக்கு அடியில், மெட்ரோ சுரங்கத்துக்குள் மண் வண்டிகளை இழுத்துக்கொண்டு இன்ஜினை மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். சிக்னல் காட்டும் பீகார்க்காரன் மனோஜ், "ஆகே! ஆகே!" என்று கத்தினான். என்னை முன்னால் வரச் சொல்லித் தினமும் அவன் கத்துகிற அதே சொல். வேகத்தைக் கூட்டினேன். தண்டவாளத்தில் குனிந்திருந்த ஒரு முதுகு விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. பிரேக் போட்டேன். அந்த ஆளின் சட்டையை உரசிக்கொண்டு இன்ஜின் நின்றது.

"முன்னாடி ஆள் கீறான்னுதான் கத்திக்கினு இருந்தான், நைனா" என்றார் ஃபோர்மேன். இந்தியில் அதற்கும் 'ஆகே'தானாம்.

வீட்டில் சுமதி, "இன்னாயா, பேயறைஞ்ச மாதிரி கீற?" என்றாள். அசதி என்றேன்.

காலையில் மறுபடி அதே ஷிஃப்ட். மனோஜ் 'ஆகே' என்று கத்துவான். நான் போவதா, நிற்பதா?