பட்டத்துக்கு ஒரு சாட்சி

சுவாமிகளுக்கு,

குருவுக்குப் பின் மடத்தின் பட்டம் தங்களுக்கே என்று தீர்ப்பான செய்தியைப் பேப்பரில் படித்தேன். மணமானவர் அந்தப் பீடத்தில் அமரக்கூடாது என்பதால்தான் எதிர்த்தரப்பு என்னை மதுரைக் கோர்ட்டுக்குச் சாட்சியாக அழைத்தது.

"இவரு ஒங்க வீட்டுக்காரரா?" என்று வக்கீல் கேட்டார்.

"இல்லைங்கய்யா. இவர இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றேன். தாங்கள் தலை நிமிரவில்லை.

வெளியே வந்ததும் மகள், "ஏம்மா பொய் சொன்ன?" என்றாள்.

"நம்மகூட இருந்தது நாலு வருசம். அங்க இருபது வருசமா இருக்காருல்ல" என்றேன்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் தகப்பன் பெயர் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். தங்களுடைய பழைய பெயரைக் கொடுத்து, அதற்கு முன்னால் 'அமரர்' என்று போடச் சொன்னேன்.

இப்படிக்கு,
மணமகளின் தாய்,
அவனியாபுரம்